ரொமான்ஸ் நாவல் படிச்சா எதிர்பார்ப்பு ஏறிடுமாமே

எங்க பக்கம் சர்ச்ல பெண்கள் கூடுகைன்னு ஒண்ணு நடந்தா, பேச வர்ற அம்மா யாரா இருந்தாலும் இத சொல்லாம மேடைய விட்டு இறங்க மாட்டாங்க: "இந்த காலத்து பிள்ளைங்க கதை படிச்சு, சீரியல் பார்த்து, இப்ப கொரியன் டிராமா வேற பார்த்து, புருஷன்னா இப்படித்தான் இருக்கணும்னு மனசுல ஒரு படம் வரைஞ்சு வெச்சிருக்கு, அப்புறம் வீட்ல பாக்குற வரன் ஒண்ணும் பிடிக்க மாட்டேங்குது." முன் வரிசை ஆச்சிங்க ஆமா ஆமான்னு தலையாட்டுவாங்க. அப்புறம் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், டீ, வடை.

எனக்கு இதுல பெரிய தகராறு இருக்கு. கிறிஸ்தவ வீட்டு பொண்ணுங்க கைக்கு வந்த காதல் கதைங்க எங்க எதிர்பார்ப்ப ஏத்தவே இல்லங்க, இறக்கித்தான் விட்டுச்சு. அவன் எப்படி வருவான், எந்த நேரத்துல வருவான், வர்றதுக்கு முன்னாடி கர்த்தர் என்ன அடையாளம் காட்டுவாருங்கிறதுல எதிர்பார்ப்பு எக்கச்சக்கம். வந்ததுக்கப்புறம் அவன்கிட்ட என்னத்த கேக்கலாம், எது நமக்கு சேர வேண்டியது, எது சரியில்லன்னா என்ன பண்ணலாம், இதுல சுத்தமா ஒண்ணும் கிடையாது.

நான் வளர்ந்தது பாளையங்கோட்டைல. பஸ் ஸ்டாண்ட் கடைல ராணிமுத்து, கண்மணி தொங்கும், லெண்டிங் லைப்ரரில ரமணிசந்திரன் நாவலுங்க அட்டை கிழிஞ்சு டேப் ஒட்டி இருக்கும், ஒருத்தி எடுத்துட்டு போனா நாலு வீடு சுத்திட்டுதான் திரும்பி வரும். அந்த வகை கதைல ஹீரோ பெரும்பாலும் பணக்காரன், கோபக்காரன், ஹீரோயின தப்பா நினைச்சுப்பான், கதை பூரா அவள குத்தி குத்தி பேசுவான், கடைசி சில பக்கத்துல "உன்ன பார்த்த முதல் நாளே"ன்னு ஆரம்பிப்பான். அதோட நாம அவனோட எல்லா பேச்சையும் மன்னிச்சிட்டு புக்க மூடி வெச்சிருவோம். கோபத்துக்கு பின்னாடி பாசம் ஒளிஞ்சிருக்கும்ங்கிற பாடம் அப்படித்தான் பதினஞ்சு பதினாறு வயசுல உள்ள இறங்குச்சு. நல்ல எழுத்தா கெட்ட எழுத்தாங்கிற பஞ்சாயத்துக்குள்ள நான் வரல, இன்னிக்கும் கைல கிடைச்சா ஒரே மூச்சுல படிச்சிருவேன்.

ஆனா நிறைய வீட்ல நாவலே படிக்கக் கூடாது. கொஞ்சம் ஆவிக்குரிய வீடுன்னா சினிமா கிடையாது, நாவல் கிடையாது, சில வீட்ல டிவியே கிடையாது. அந்த வீட்டு பொண்ணுங்களுக்குத்தான் இங்கிலீஷ் கிறிஸ்டியன் ரொமான்ஸ் ஒரு கதவா திறந்துச்சு. அட்டைல கோதுமை வயல், தலைல பானட் கட்டின ஒரு பொண்ணு, பின்னாடி தூரத்துல குதிரை வண்டி. உள்ள முத்தத்துக்கு மேல ஒண்ணும் இருக்காது, நடுநடுல வசனம் இருக்கும், அப்பாம்மாகிட்ட காட்டினா "கிறிஸ்டியன் புக்தானே, படி"ன்னு விட்டுருவாங்க. இந்த மார்க்கெட் எவ்வளவு பெருசுன்னு வெளிநாட்டு பதிப்பகக்காரங்களுக்கு நல்லா தெரிஞ்சிருந்துச்சு. மில்ஸ் அண்ட் பூன் யாரோடதோ அதே ஹார்லிக்வின்தான் 1997ல லவ் இன்ஸ்பயர்டுன்னு கிறிஸ்தவ வாசகிகளுக்குன்னே தனி வரிசை ஆரம்பிச்சுச்சு.

அந்த உலகத்துல எல்லாரும் அழுதுகிட்டே படிச்ச புக் ஃப்ரான்சின் ரிவர்ஸோட ரிடீமிங் லவ். 1991ல முதல்ல சாதாரண பதிப்பகத்துல வந்து, அப்புறம் 1997ல மல்ட்னோமாங்கிற கிறிஸ்தவ பதிப்பகம் திருத்தி மறுபடி போட்டது. 2022ல படமாவும் வந்துச்சு. கதை 1850 வாக்குல கலிஃபோர்னியா தங்க வேட்டை காலத்துல நடக்குது. ஏஞ்சல்னு ஒரு பொண்ணு, எட்டு வயசுல பாலியல் தொழிலுக்கு வித்துட்டாங்க. மைக்கேல் ஹோசேயான்னு ஒரு விவசாயி, அவள தெருவுல பார்த்ததும் "இவளத்தான் நீ கட்டிக்கணும்"னு கர்த்தர் சொல்றாரு. பைபிள்ல துரோகம் பண்ணின பொண்டாட்டிய திரும்ப சேர்த்துக்கிற ஓசியா (இங்கிலீஷ்ல ஹோசேயா) தீர்க்கதரிசி கதைய எடுத்து நாவலாக்கினதுன்னு பேர பார்த்தாலே தெரியும்.

என் கல்லூரி காலத்துல ஹாஸ்டல்ல இது கை மாறி கை மாறி போச்சு. எல்லாரும் ஒரே வார்த்தைதான், "எனக்கு மைக்கேல் மாதிரி ஒருத்தன் வேணும்". பொறுமை, விட்டுட்டு ஓடினாலும் தேடி வர்றான், குத்திக் காட்ட மாட்டான். சரிதான், நல்லவன்தான். ஆனா கல்யாணம் எப்படி நடக்குதுன்னு ஒருதடவ நிதானமா பாருங்களேன். அவள அந்த விடுதியோட அடியாள் அடிச்சு நொறுக்கிப் போட்டிருக்கான், கண்ணு திறக்க முடியல, சாகக் கிடக்கிறா. அந்த நிலைமைல மைக்கேல் வந்து கட்டிக்கிறியான்னு கேக்க, ஏதோ ஒரு விரக்தில சரின்னு வாய்ல வருது. முழிச்சு பார்த்தா பொண்டாட்டியா இருக்கா. அவ உயிர காப்பாத்தத்தான் அத செஞ்சான், கதைல அது நியாயமாத்தான் தெரியும். அப்புறம் அவ ஓடிப் போறா, போய் கூட்டிட்டு வர்றான், மறுபடி போறா. ஒவ்வொரு தடவையும் படிக்கிற நமக்கு அவ மேலதான் கோபம் வரும், இவ்வளவு நல்லவன விட்டுட்டு போறாளேன்னு. கர்த்தரே பேரு சொல்லி குடுத்த மாப்பிள்ளை, அவன வேண்டாம்னு சொல்ற உரிமை அவளுக்கு உண்டான்னு அந்த ஹாஸ்டல் ரூம்ல யாருக்கும் கேக்கத் தோணல.

இதுல ஒரு நியாயமும் சொல்லிடறேன். பைபிள்ல ஓசியா கதைல அவன் பொண்டாட்டி கோமேர் ஒரு வார்த்தை பேச மாட்டா. மூணு பிள்ளை பெத்துக்கிறா, அந்த பிள்ளைங்களுக்கு யெஸ்ரயேல், லோருகாமா, லோகம்மீன்னு தீர்க்கதரிசனமா பேரு விழுது, பின்னாடி பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக்கலம் வாற்கோதுமையும் குடுத்து ஓசியா அந்த பொண்ண திரும்ப வாங்குறான், அவ என்ன நினைச்சான்னு ஒரு வரி கிடையாது. ரிவர்ஸ் அவளுக்கு ஒரு சின்ன வயசு குடுத்தாங்க, ஒரு கோபம் குடுத்தாங்க, கடைசியா ஒரு சொந்த பேரு குடுத்தாங்க. இன்னொண்ணு, கதை முடியுறதுக்கு முன்னாடி அவ அவன விட்டு தள்ளிப் போயி தனியா சில வருஷம் இருந்து, தன்ன மாதிரி பொண்ணுங்களுக்கு ஒரு வீடு நடத்திட்டு, தன் இஷ்டத்துல திரும்பி வர்றா. அந்த பகுதிதான் எனக்கு இப்ப புடிக்குது. ஆனா அத யாரும் ரீல்ஸ்ல போடுறது இல்ல.

இப்ப அதே 1997. அதே மல்ட்னோமா. ஜாஷுவா ஹாரிஸ்னு இருபத்தொண்ணு இருபத்திரண்டு வயசு பையன் எழுதின ஐ கிஸ்டு டேட்டிங் குட்பை வருது. ஒரு கைல காதல் கதை விக்கிறாங்க, இன்னொரு கைல காதலிக்காதீங்கன்னு புக் விக்கிறாங்க, ரெண்டையும் வாங்கினது ஒரே பொண்ணுதான்! அந்த புக்கு ஆரம்பிக்கிறதே ஒரு கனவுல. கல்யாணம் நடக்குது, உடன்படிக்கை சொல்ற நேரம், சபைல இருந்து ஒரு பொண்ணு எழுந்து வந்து மாப்பிள்ளையோட இன்னொரு கைய புடிச்சுக்கிறா. அப்புறம் இன்னொருத்தி, இன்னொருத்தி, வரிசையா வந்து நிக்கிறாங்க. யார் இவங்கன்னு கேட்டா, முன்னாடி பழகின பொண்ணுங்க, ஒவ்வொருத்திகிட்டயும் மனசுல ஒரு துண்டு குடுத்துட்டேன்னு அவன் சொல்றான்.

இந்த கனவ நான் புக்குல படிக்கிறதுக்கு முன்னாடியே வாலிபர் ரிட்ரீட்ல தமிழ்ல கேட்டுட்டேன், எங்க இருந்து எடுத்ததுன்னு சொல்லாமலே ஒரு அண்ணன் கதையா சொன்னாரு. கனவுல தப்பு பண்ணினது மாப்பிள்ளை, ஆனா எங்களுக்கு சொல்லும்போது அது எப்படியோ பொண்ணோட மனசா மாறிப் போச்சு, உன் இருதயத்த துண்டு துண்டா குடுத்துட்டா கடைசில வர்றவனுக்கு என்ன மிச்சம் இருக்கும்னு. அன்னிக்கு சாயங்காலம் எங்கள உக்கார வெச்சு வருங்கால கணவனுக்கு லெட்டர் எழுத சொன்னாங்க. நாங்களும் எழுதினோம்ங்க, பக்கம் பக்கமா. எழுதின எல்லாருக்கும் அவரு ஒரே ஜாடைலதான் இருந்தாரு. கிட்டார் வாசிப்பாரு, ஆராதனை நடத்துவாரு, கண்ண மூடி கைய தூக்கும்போது கண்ணீர் வரும். சர்ச்ல கிட்டார் வாசிக்கிற பையனுக்கு நம்ம ஊர்ல இருக்கிற மவுசு சினிமா ஹீரோவுக்கு கூட கிடையாது, அதுவும் நாம அவன பிரதர்னு கூப்பிட்டுகிட்டே மனசுல கல்யாணம் வரைக்கும் போயிருப்போம், அது ஒரு தனி காமெடி.

ஹாரிஸ் 2018ல அந்த புக்க இனி அச்சடிக்க வேண்டாம்னு நிறுத்த சொல்லிட்டாரு, அதுல சொன்னது நிறைய பேர காயப்படுத்திருக்குன்னு பகிரங்கமா ஒத்துக்கிட்டாரு. அடுத்த வருஷமே மனைவியும் அவரும் பிரியுறதா சொன்னாரு, தான் இப்ப கிறிஸ்தவன் இல்லன்னும் சொன்னாரு. அவரு வாபஸ் வாங்கிட்டாரு, நம்ம ரிட்ரீட்ல அந்த கனவு இன்னும் ஓடிட்டிருக்கு.

இந்த ரெண்டு புக்கும் நம்ம ஊர்ல வந்து விழுந்த இடம் ஏற்கனவே உழுது வெச்ச நிலம். நம்மகிட்டதான் தேவ சித்தம் இருக்கே. வரன் வந்தா தேவ சித்தம், தட்டிப் போனா தேவ சித்தம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல எடுக்கிற வாக்குத்தத்த அட்டைல "உன் வாசல்கள் எப்பொழுதும் திறந்திருக்கும்"ங்கிற மாதிரி ஏதாவது வந்துட்டா அந்த வருஷம் கல்யாணம்னு முடிவே பண்ணிடுவாங்க. சீட்டு எழுதி போட்டு பாக்குறவங்க உண்டு. தீர்க்கதரிசனம் சொல்ற பாஸ்டர் "உனக்கு வர்றவன் உயரமா இருப்பான், கடல் தாண்டி இருப்பான்"னு சொன்னத நோட்டுல எழுதி வெச்சுகிட்டு, துபாய், மஸ்கட் வரனா பாத்து காத்திருந்த குடும்பம் எனக்கு தெரியும். எல்லாத்துக்கும் மேல அந்த ஒரு கேள்வி இருக்கே, "மனசுல சமாதானம் இருக்கா?" ஜெபம் பண்ணி பாரும்மா, சமாதானம் இருந்தா சொல்லு, மேற்கொண்டு பேசலாம்.

என் சித்தி மக கல்யாணத்துல இத பக்கத்துல இருந்து பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க, பாட்டு பாடினாங்க, ஒரு தாத்தா நீளமா ஜெபம் பண்ணினாரு, காபி ஆறிப் போச்சு. ரெண்டு பேரும் மொட்டை மாடில போய் பேசுங்கன்னு அனுப்பினாங்க. இவகிட்ட கேள்வி இருந்துச்சு, மொதல் நாள் ராத்திரி என்கிட்ட ஒவ்வொண்ணா சொல்லியும் பார்த்தா: என்ன சம்பளம், கடன் ஏதாவது இருக்கா, நான் வேலைய விடணுமா, தனிக்குடித்தனமா கூட்டுக்குடும்பமா. மாடில அவரு கேட்டது, "உங்களுக்கு ஊழியத்துல வாஞ்சை உண்டா?" இவ உண்டுன்னா. "டெய்லி பைபிள் வாசிப்பீங்களா?" வாசிப்பேன்னா. இவ முறை வந்தப்போ ஒண்ணும் கேக்கல. கீழ வந்தா, நான் என்னட்டி கேட்டியான்னு கண்ணால கேட்டேன், "இல்லக்கா, அவங்கள பார்த்ததும் ஒரு சமாதானம் வந்துச்சு, அப்புறம் எதுக்கு சம்பளம் பத்தியெல்லாம்"னா. கதைல அப்படித்தானே வரும், ஆள பார்த்ததும் தெரிஞ்சிரும், தெரிஞ்சதுக்கு அப்புறம் கேள்வி கேட்டா நம்பிக்கை இல்லன்னு ஆயிரும்.

கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சது, தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின லோன் பாதி சம்பளத்த தின்னுட்டு இருக்குன்னு. அவரு கெட்டவர்லாம் இல்ல, சொன்னா கேப்பாரு. பிரச்சனை என்னன்னா இவளால சொல்ல முடியல. கர்த்தர் குடுத்த மாப்பிள்ளைய பத்தி குறை சொன்னா அது முறுமுறுப்பு, வனாந்தரத்துல இஸ்ரவேல் ஜனங்க பண்ணின அதே பாவம். சாதாரணமா வீட்ல பாத்து வெச்ச மாப்பிள்ளைன்னா அப்பாவ திட்டலாம், புரோக்கர திட்டலாம், சும்மா அம்மாகிட்ட போன்ல பத்து நிமிஷம் அழுதுட்டாவது வைக்கலாம். கடவுளே புரோக்கரா இருந்து முடிச்ச கல்யாணத்துல யார திட்டுறது? என் கோபம் பூரா இந்த ஒரு இடத்துலதான். காதல் கதைல முத்தம் வருதா, கட்டிப்புடிக்கிறாங்களான்னு நம்ம ஆளுங்க வரி வரியா சென்சார் பண்றாங்க, அந்த புக்குல நிஜமாவே கத்திரி போட வேண்டிய இடம் இதுதான்னு யாருக்கும் தெரியல.

அதோட, இது கொஞ்சம் கசப்பா இருக்கும், பரவால்ல. இந்த தேவ சித்தம் எப்பவும் நம்ம ஜாதிக்குள்ளயே வந்து நிக்குதே, அது எப்படி? மேட்ரிமோனில "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற மணமகள் தேவை"ன்னு போட்டு அடுத்த வரிலயே ஜாதிய போடுறாங்க. பவுன் கணக்கு ஜெபத்துக்கு அப்புறம் வரும், "எங்களுக்கு எதுவும் வேண்டாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்ங்க"ன்னு. எந்த ரொமான்ஸ் நாவல்லயும் ஹீரோவோட அத்தை வந்து நகைய எடை போட்டு பாக்குற சீன் கிடையாது. நம்ம பொண்ணுங்களுக்கு காதல பத்தி சொல்லிக் குடுத்த கதைங்கள்ல நம்ம பொண்ணுங்க கல்யாணத்துல நிஜமா நடக்குற விஷயம் ஒண்ணுகூட கிடையாது.

சினிமா பக்கம் ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன். தமிழ் படத்துல கிறிஸ்தவ பொண்ணுன்னா அவ யாரோ ஒரு பையனோட கனவுலதான் இருப்பா. 2010ல விண்ணைத்தாண்டி வருவாயா வந்தப்போ ஜெஸ்ஸிய பார்த்து நாங்க எல்லாரும் ஒரு வருஷம் காட்டன் சேலை கட்டிகிட்டு திரிஞ்சோம். அவ மலையாளி, எங்க சர்ச்சுக்கும் அவ சர்ச்சுக்கும் சம்பந்தமே இல்ல, இருந்தாலும் ஆலப்புழா சர்ச்ல கல்யாணத்துக்கு நின்னுட்டு அவ முடியாதுன்னு சொல்ற சீன்ல தியேட்டர்ல எங்க வரிசை மட்டும் மூச்சு விடல. ஏன்னா ஓலை வாசிச்ச கல்யாணத்த நிறுத்தறதுன்னா என்னன்னு எங்களுக்குத்தான் தெரியும். மூணு ஞாயிறு சபை முன்னாடி பேரு வாசிச்சு, ஆட்சேபனை இருக்கான்னு கேட்டு, எல்லாம் ஆனதுக்கு அப்புறம் பொண்ணு வாயத் திறக்கறதாவது! ஜெஸ்ஸி ஏன் குழப்புறா, ஏன் முடிவெடுக்க மாட்டேங்குறான்னு பசங்க எல்லாம் அவள திட்டினாங்க. எனக்கு அவ குழப்பம் மட்டும்தான் அந்த படத்துல நம்பற மாதிரி இருந்துச்சு.

சரி, இன்ஸ்டாகிராம்ல இப்ப ஓடுறது போவாஸ், அதான் பைபிள்ல ரூத்த கட்டிக்கிட்ட வயல்காரர். "என் போவாஸுக்காக காத்திருக்கிறேன்"னு பின்னாடி மெல்லிசா பியானோ போட்டு ரீல்ஸ். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன், ரூத் புஸ்தகம் நாலே அதிகாரம், முக்கால் மணி நேரம் கூட ஆகாது, வாசிச்சீங்களா? ரூத் எங்க காத்திருந்தா? சாப்பாட்டுக்கு வழியில்லாம வயல்ல கதிர் பொறுக்கப் போனா. மாமியார் நகோமி பார்த்தாங்க, இந்த போவாஸ் நமக்கு சொந்தக்காரன், நிலத்த மீட்குற முறை உள்ளவன், குளிச்சிட்டு எண்ணெய் பூசிட்டு நல்ல துணி உடுத்திட்டு ராத்திரி களத்துக்கு போ, அவன் சாப்பிட்டு படுத்ததும் கால்மாட்டுல போய் படுத்துக்கோன்னு அனுப்புறாங்க. நடுராத்திரில அவன் திடுக்கிட்டு முழிச்சு யாருன்னு கேட்டா, இவ நேரா சொல்றா, உம்முடைய போர்வையை விரியும், நீர் சுதந்தரவாளின்னு. என்ன கட்டிக்கோன்னு அவளே கேக்குறா! அந்த ஆளும் வாலிபன் இல்ல, நீ வாலிபர் பின்னாடி போகாம என்கிட்ட வந்தியேன்னு அவனே சந்தோஷப்படுறான். காலைல வெறுங்கையோட போகாதன்னு ஆறுபடி வாற்கோதுமை அளந்து போட்டு அனுப்புறான். அப்புறம் ஊர் வாசல்ல மூப்பர் பத்துப்பேர உக்கார வெச்சு, அவன விட நெருங்கின முறைகாரன் ஒருத்தன்கிட்ட நிலம் பேசி, அவன் முடியாதுன்னதும் பாதரட்சைய கழட்டி சாட்சி வெச்சு முடிக்கிறாங்க. நிலம், பசி, மாமியாரோட எதிர்காலம், சாட்சி, எல்லாம் வெளிப்படையா பேசின கல்யாணம். இத ஒரு பொண்ணு நம்ம சர்ச்ல பண்ணினா அவளுக்கு என்ன பேரு வைப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

லேயாள் கதைக்கும் இதே கதிதான். பைபிள்ல யாக்கோபோட மொதல் பொண்டாட்டி அவ, அவ தங்கச்சி ராகேலும் அவனுக்கே பொண்டாட்டி, அவன் பாசம் எல்லாம் ராகேல் மேலதான். அன்பில்லாத வீட்ல மூணு பிள்ளை பெத்து ஒவ்வொரு பேருலயும் புருஷன் இனிமே என்ன நேசிப்பான், என்னோட சேர்ந்திருப்பான்னு ஏக்கத்த எழுதி வெச்சா. ரூபன், சிமியோன், லேவி. நாலாவதா யூதா பொறந்ததும் இப்போ கர்த்தரைத் துதிப்பேன்னு சொன்னா. பிரசங்கம் எப்பவும் இங்க நின்னுரும்: பாத்தீங்களா, லேயாள் மனுஷன் அன்ப எதிர்பார்க்கிறத விட்டுட்டா, கர்த்தர் போதும்னு வந்துட்டா. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அடுத்த அதிகாரத்த திருப்பினா லேயாள் மகன் பொறுக்கிட்டு வந்த தூதாயீம் கனிய தங்கச்சிக்கு குடுத்துட்டு ஒரு ராத்திரி புருஷன வாங்குறா. ஆறாவது பிள்ளை செபுலோன் பொறந்தப்போ, இப்பவாவது என் புருஷன் என்னோட வாசம்பண்ணுவான்னு சொல்றா. அவ எதையும் விடல. பைபிள் அத மறைக்கல, அவளுக்கு அதுக்காக ஒரு திட்டும் விழல. கதைய யூதாவோட நிறுத்தி அழகா முடிச்சு வெச்சது பிரசங்கம் பண்றவங்கதான், ரொமான்ஸ் நாவல்காரங்க மேல குத்தம் சொல்ற அதே ஆளுங்க.

ஜானிஸ் ராட்வேன்னு ஒரு பேராசிரியர் அமெரிக்காவுல ஒரு ஊர்ல ரொமான்ஸ் படிக்கிற பொண்ணுங்ககிட்ட பேசி 1984ல ஒரு புக்கு போட்டாங்க, அதுல நிறைய பேரு வீட்ட பாத்துக்கிற அம்மாக்கள். அவங்களுக்கு புடிச்ச ஹீரோ கடைசில மென்மையா மாறி அவள கவனிச்சுக்கிறவன். படிக்கிற நேரம் என் நேரம், அப்போ யாருக்கும் நான் எதுவும் செய்ய வேண்டாம்னு சொல்லிருக்காங்க. நாள் பூரா எல்லாரையும் கவனிக்கிறவளுக்கு அவள ஒருத்தன் கவனிக்கிற கதை வேண்டியிருக்கு. இத படிச்சப்போ எனக்கு எங்க மைனி ஞாபகம்தான், ராத்திரி பாத்திரம் எல்லாம் கழுவி கவுத்திட்டு அடுப்படி ஸ்டூல்லயே உக்காந்து கண்மணி படிப்பாங்க, ஹால்ல போனா யாராவது தண்ணி கேப்பாங்கன்னு. அவங்க எதிர்பார்ப்பு அதிகமாம்! தன் புருஷன் ஒரு நாளைக்கு ஒருதடவ முகத்த பார்த்து பேசணும்ங்கிறதுக்கு மேல அந்த நாவல்ல ஒண்ணும் இல்ல.

இவ்வளவு திட்டிட்டு, எனக்கு புடிச்ச ஒரு கிறிஸ்டியன் ரொமான்ஸையும் சொல்லணும். கனடா எழுத்தாளர் ஜேனட் ஓக் 1979ல எழுதின லவ் கம்ஸ் சாஃப்ட்லி. இந்த வகை நாவலுக்கெல்லாம் வழி விட்டதே இதுதான்னு சொல்வாங்க. மார்ட்டின்னு ஒரு சின்ன பொண்ணு, புருஷனோட மேற்கு பக்கம் குடியேற வந்தவ, வந்த இடத்துல புருஷன் செத்துட்டான், வயித்துல பிள்ளை. புருஷன அடக்கம் பண்ணின அன்னிக்கே கிளார்க்னு ஒருத்தன் வந்து கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்குறான். அவன் பொண்டாட்டி இறந்துட்டா, சின்ன மகளுக்கு ஒரு அம்மா வேணும், இவளுக்கு குளிர்காலத்துக்கு ஒரு கூரை வேணும். காதல்னு ஒரு வார்த்தை இல்ல, கர்த்தர் உன்ன காட்டினாருன்னு கதை விடல. அவன் சொல்றது, வசந்த காலத்துல வண்டிக்கூட்டம் கிழக்க திரும்பும், அப்ப நீ ஊருக்கு போகணும்னு நினைச்சா போ, செலவு என்னோடது. அப்புறம் கதை பூரா அவ அடுப்பு பத்த வைக்கத் தெரியாம திண்டாடுறதும் பான்கேக்கையே திரும்ப திரும்ப சுடுறதும்தான். காதல் மெதுவா வருது.

நம்ம வீட்ல பாத்து வெக்கிற கல்யாணம் மாதிரியே இருக்குல்ல? முதல் பாதி அப்படியேதான். ஆனா அந்த திரும்பிப் போற செலவு நம்ம கல்யாணத்துல எங்க இருக்கு? கிளார்க் நல்லவன், உழைப்பாளி, பைபிள் வாசிக்கிறவன், அதெல்லாம் இருக்கட்டும், எந்த ஹீரோ வந்தாலும் நான் முதல்ல தேடுறது இப்ப இதத்தான். போக வழி இருந்தும் அவ இருந்தாளா, வழி இல்லாததால இருந்தாளா?

போன தடவை ஊருக்கு போனப்போ அம்மா முருங்கைக்கீரை உருவிட்டு இருந்தாங்க, நான் சும்மா இந்த கதைய சொன்னேன். அம்மா இங்கிலீஷ் நாவல் படிக்க மாட்டாங்க, ஆனா கதை கேக்க நல்லா புடிக்கும். கிளார்க் செலவு தரேன்னு சொன்ன இடம் வந்ததும் கீரைய விட்டுட்டு நிமிர்ந்தாங்க.

"வாயால சொன்னானா, எடுத்து கைல குடுத்தானா?"

"வாயாலதாம்மா."

"ம்ம்" அப்படின்னு திரும்ப கீரைய எடுத்துக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களாவே, எனக்கு போட்ட நகைல பாதி உங்க அத்தை கல்யாணத்துக்கு போச்சு, கேட்டு வாங்கினாங்களா கேக்காம எடுத்தாங்களான்னு இப்ப எனக்கே ஞாபகம் இல்ல, அப்பல்லாம் அப்படித்தான்னு சொன்னாங்க. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்.

"ஏட்டி, பாதில நிறுத்திட்ட? வசந்த காலத்துல அவ போனாளா, இருந்தாளா, அத சொல்லு மொதல்ல."